நிரம்பியதும் நிற்க வேண்டும்

வீட்டைப் பற்றி எழுதுவோர் முற்றத்தைப் பற்றி எழுதுவர். திண்ணையைப் பற்றி எழுதுவர். அடுக்களையைப் பற்றியும், அங்கே புகையில் கண் கலங்கிய அன்னையரைப் பற்றியும் உருக்கமாக எழுதுவர். கழிவறையைப் பற்றி எழுதுவோர் அரியர். ஒரு நாள் அது இயங்காமற் போனால் வீடு முழுவதும் நிலைகுலைந்து போகிறது. எனினும் அதைப் பற்றிப் பேசுவது நாகரிகமன்று என்று எண்ணி வாளாவிருக்கிறோம். இலக்கிய இதழ் ஒன்றில் கழிவறைத் தொட்டியின் வால்வைப் பற்றி எழுதுவது முறையாகுமா என்று எங்களுக்கும் தயக்கம் இருந்தது. அத்தயக்கத்தைப் போக்கியவர் மெக்சிகோ நாட்டுக் குருவானவர் ஒருவர்.

1737ஆம் ஆண்டு பிறந்து 1799ஆம் ஆண்டு மறைந்த ஹோசே அந்தோனியோ அல்சாத்தே என்பவர் அவர். குருத்துவப் பணியோடு வானியல், தாவரவியல், நிலவியல் ஆகிய துறைகளிலும் ஈடுபட்டு, 1788இல் 'மெக்சிகோ இலக்கிய இதழ்' என்னும் பொருள்படும் பெயரில் ஓர் ஏட்டைத் தொடங்கி நடத்தினார். நீர் நிரம்பியதும் தானே மூடிக்கொள்ளும் மிதவை அடைப்பானைப் பற்றி, அந்த ஏட்டில்தான் 1790ஆம் ஆண்டு அவர் எழுதினார். இன்று உலகெங்கும் கழிவறைத் தொட்டிகளில் மிதந்து கொண்டிருக்கும் பந்து வால்வுக்கு அவரையே முன்னோடியாகக் கூறுவர். இலக்கியத்தின் பெயரைத் தாங்கி நடந்த ஏட்டில், தண்ணீரை வீணாக்காத கருவிக்கு இடம் தந்த அந்தக் குருவானவரை எண்ணும்போது எங்கள் தயக்கம் நீங்கிவிடுகிறது.

மிதவையைக் கொண்டு நீரை அடக்கும் எண்ணம் அவருக்கும் முந்தியது. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த தெசிபியஸ் என்னும் அறிஞர், தமது நீர்க்கடிகாரத்தில் நீர்மட்டம் மாறாதிருக்கும் பொருட்டு மிதவை ஒன்றைப் பயன்படுத்தினார். தண்ணீர் விட்டுக் கழுவும் கழிவறையை 1596இல் இங்கிலாந்தின் ஜான் ஹாரிங்டன் எழுத்தில் விளக்கினார். துர்நாற்றம் வீட்டுக்குள் ஏறாமல் தடுக்கும் வளைகுழாய்க்கு 1775இல் அலெக்சாண்டர் கம்மிங் காப்புரிமை பெற்றார். இவ்வாறு பல நாட்டார் பல நூற்றாண்டுகளில் கண்டவை யாவும் ஒன்றுகூடி, இன்று நம் வீட்டின் ஒரு மூலையில் வெள்ளைப் பெட்டியாக அமர்ந்திருக்கின்றன.

அப்பெட்டியின் உள்ளே நிகழ்வது மிக எளியது. நெம்பித் தள்ளும் கரம் ஒன்று. அதன் ஒரு முனையில் சிறு தேங்காய் அளவில் ஒரு பந்து. மறுமுனையில் ஒரு குறுகிய குழல். குழலுக்குள் முன்னும் பின்னும் நகரும் ஒரு தண்டு. அதன் நுனியில் கால்விரல் நகம் அளவே உள்ள ரப்பர் வாஷர். பொத்தானை அழுத்தியதும் தொட்டி காலியாகிறது, பந்து இறங்குகிறது, தண்டு பின்வாங்குகிறது, நீர் பாய்கிறது. நீர் ஏற ஏறப் பந்தும் ஏறுகிறது. பந்து சிறிது ஏறினாலும், நெம்புகோல் அதன் விசையைப் பன்மடங்காக்கித் தண்டை முன்னே தள்ளுகிறது. வாஷர் நீர்த்துளையின் வாயைப் பொத்துகிறது. பாய்ச்சல் நிற்கிறது. மின்சாரம் இல்லை, காவலாள் இல்லை. நிரம்பியதும் நிற்க வேண்டும் என்னும் ஒரே கட்டளையை அந்தப் பந்து இரவும் பகலும் நிறைவேற்றிக் கொண்டிருக்கிறது.

அது நிறைவேற்றத் தவறினால் என்ன ஆகும்? அதற்காகவே தொட்டியின் நடுவில் வழிகுழாய் ஒன்று நிற்கிறது. மட்டம் மீறிய நீர் அதன் வாய் வழியாக உள்ளிறங்கிப் பீங்கானுக்குள் சென்றுவிடும். தரை நனையாது, வீடு வெள்ளக்காடாகாது. இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் இந்த நல்ல ஏற்பாடே குறையை மறைத்தும் விடுகிறது. தரையில் சொட்டியிருந்தால் அன்றே கண்டிருப்போம். உள்ளுக்குள் ஒழுகுவதை யார் காண்பது?

எங்கள் அவனியாபுரத்தில் தண்ணீரின் கதையை அறிந்தோருக்கு இக்கேள்வியின் கனம் விளங்கும். மதுரை நகரின் தெற்கே, விமான நிலையத்துக்குச் செல்லும் வழியில் அமைந்த ஊர் இது. நகராட்சியாக இருந்து 2011ஆம் ஆண்டு மதுரை மாநகராட்சியோடு இணைந்தது. மதுரைக்குக் குடிநீர் தருவது 1959இல் திறக்கப்பட்ட வைகை அணை. அதன் கொள்ளளவு மட்டம் 71 அடி. மேற்கே பாய வேண்டிய பெரியாற்று நீரை, 1895இல் முடிவுற்ற பென்னிகுக்கின் அணையும் மலையைக் குடைந்த சுரங்கமும் கிழக்கே திருப்பியதால்தான் வைகைக்கும் உயிர் இருக்கிறது. 2017ஆம் ஆண்டு வறட்சியில் வைகை அணையின் நீர் ஆவியாகாமல் இருக்கத் தெர்மாகோல் தகடுகளை மிதக்க விட்டார்கள். காற்று அவற்றைக் கரைக்குத் தள்ளிவிட்டது. நாடு முழுவதும் சிரித்தது. ஆனால் அன்று மதுரையில் குடத்தோடு நின்றவர்கள் சிரிக்கும் நிலையில் இல்லை. ஆழ்துளைக் கிணறுகளிலோ பல தெருக்களில் உப்புநீர்தான். கொதிக்க வைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் பொருக்குக் கட்டும் நீர்.

இத்தகைய ஊரில் 2024ஆம் ஆண்டுப் பொங்கலை ஒட்டி எங்கள் இல்லத்தில் அந்தச் சிறு வாஷர் தன் கடமையை நிறுத்திக்கொண்டது.

முதலில் உணர்ந்தவர் எங்கள் தந்தையார். எண்பத்து மூன்று வயது. மூட்டில் அறுவை சிகிச்சை நடந்தவர். முன்போல் குந்தி அமர இயலாதாகையால், வீட்டில் உள்ள இரண்டு கழிவறைகளில் ஒன்றை அவருக்காகவே உட்காரும் வகைக்கு மாற்றியிருந்தோம். கேட்கும் திறன் பெரிதும் குன்றியவர்தாம். ஆனால் இரவின் அமைதியில், சுவருக்கு அப்பால் மெல்லிய சீற்றம் போன்று ஓர் ஒலி தம் காதில் விழுவதாகச் சொன்னார். "ஏப்பா, அந்த டேங்க்ல தண்ணி நிக்கவே மாட்டேங்குது. ராத்திரி பூராவும் பாம்பு சீறுன மாதிரி கேட்டுக்கிட்டே இருக்கு" என்று போகி நாள் காலையில் அவர் கூறியபோது நாங்கள் மூடியைத் திறந்து பார்த்தோம். வழிகுழாயின் விளிம்பைத் தாண்டி, நூல்போல் நீர் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தங்கையின் குடும்பம் பொங்கலுக்காக வந்திருந்தது. வீட்டில் ஒன்பது பேர். தங்கை மகனுக்குப் பன்னிரண்டு வயது. எதையும் அளந்து பார்க்கும் பழக்கம் உடையவன். எவ்வளவு தண்ணீர் போகிறது என்று அறிய விரும்பினான். பிற்பகலில் எல்லாரும் வாடிவாசல் அமைப்பதைக் காணச் சென்றிருந்த இரண்டு மணி நேரம், வேறெந்தக் குழாயும் திறக்கப்படாதபோது, மொட்டை மாடித் தொட்டிக்குள் குச்சியை விட்டு இருமுறை மட்டம் பார்த்தான். நீர் 1.4 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. தொட்டியின் விட்டம் 105 சென்டிமீட்டர். வட்டத்தின் பரப்பைக் கணக்கிட்டு, ஒரு சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய எட்டரை லிட்டர் என்று கண்டு, இரண்டு மணி நேரத்தில் 12 லிட்டர் என்று எழுதிக் காட்டினான்.

மணிக்கு 6 லிட்டர். நாளொன்றுக்கு 144 லிட்டர். மாதம் 4,300 லிட்டருக்கு மேல். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் வேண்டும் என்பது இந்திய அரசின் நகர்ப்புறக் குடிநீர் வழிகாட்டு நெறி. அப்படியானால் எங்கள் வீட்டில் ஒன்பது பேரல்லர். பத்தாவதாக ஒருவர், யார் கண்ணிலும் படாமல், தமக்குரிய பங்குக்கும் சற்று மிகுதியாகவே நீரை எடுத்துக்கொண்டு சுவருக்குள் குடியிருக்கிறார்! சிறுவன் இதைச் சொன்னபோது நகைத்தோம். பின்பு நகைப்பு அடங்கிற்று. ஏனெனில் எங்கள் தெருமுனைக் குழாயில் ஆறு குடம் நீருக்காக அரைமணி நேரம் நிற்கும் ஒரு மூதாட்டியை நாங்கள் அன்றாடம் காண்கிறோம். ஆறு குடம் என்பது நூறு லிட்டரைத் தொடாது.

அத்துடன் அந்நீர் போகும் இடம் எது என்றும் எண்ண வேண்டியிருந்தது. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மின்சாரத்தால் ஏற்றப்பட்ட நீர், ஒருவருக்கும் பயன்படாமல், சுத்தமாகவே சாக்கடையில் கலக்கிறது. எங்கள் ஊரை அடுத்த வெள்ளக்கல்லில் மாநகராட்சியின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் உள்ளது. அருகே உள்ள அயன்பாப்பாக்குடி கண்மாயின் நீர் நுரை பொங்கி வெளியேறிய காட்சி நாளேடுகளில் வந்ததுண்டு. ஊர் முழுவதும் விடும் கழிவைச் சுமக்கும் அந்த இடத்துக்கு, கழிவே அல்லாத நீரையும் ஒவ்வொரு வீடும் அனுப்புமாயின் என்னாவது?

பிளம்பர்கள் இருவரைத் தொலைபேசியில் அழைத்தோம். இருவரும் ஒரே விடையைத் தந்தனர். "வியாழக்கிழமைதான் சார் வர முடியும். நாளைக்கு உங்க ஏரியாவுக்குள்ள வண்டியே நுழைய முடியாதே." அவர்கள் சொன்னது உண்மையே. தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர் என்பது மதுரை ஏறுதழுவலின் வரிசை. முதல் நாளன்று எங்கள் ஊரின் சாலைகள் தடுப்புக் கட்டைகளால் அடைபட்டிருக்கும். கடைகளும் திறவா. ஆகவே தொட்டிக்கு நீர் வரும் ஆங்கிள் காக்கை அடைத்துவிட்டு, வாளியும் குவளையும் வைத்தோம். மற்றவர்களுக்கு அது ஒரு பொருட்டன்று. தந்தையாருக்காக வாளியில் நீர் நிரப்பி அருகிலேயே வைத்துவிட்டுத்தான் உறங்கச் சென்றோம்.

பொங்கலன்று விடியுமுன், ஏதோ உராயும் ஒலி கேட்டு எழுந்தோம். நடைவழியில் தந்தையார் நின்றிருந்தார். ஒரு கை சுவரைப் பற்றியிருந்தது. மறு கையில் பாதி நிரம்பிய வாளி. இரவில் இருமுறை எழுந்ததில் வைத்திருந்த நீர் தீர்ந்துவிட்டதாம். யாரையும் எழுப்ப மனமின்றிக் கொல்லைக் குழாயில் பிடித்து வந்திருக்கிறார். வாளியை வாங்கிக்கொண்டு, "எழுப்பியிருக்கலாமே அப்பா" என்றோம். "பிள்ளைங்க தூங்குதுகள்ல. இதுக்குப் போயி ஒருத்தர எழுப்புறதா?" என்றார். அவர் குரலில் இருந்தது வருத்தமன்று, கூச்சம். நனைந்த தரையில் அவர் பாதம் வழுக்கியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை எழுத வேண்டியதில்லை. ஒரு முதியவர் எவர் துணையுமின்றித் தாமே சென்று தாமே மீள்வதற்கு ஒரு பொத்தான் உதவிக்கொண்டிருந்தது. அந்தப் பொத்தானின் பின்னே ஒரு பந்தும், பந்தின் பின்னே ஒரு ரப்பர்த் துண்டும் இருந்தன. அவருடைய தன்மானம் அத்தனை சிறிய பொருளில் தொங்கிக்கொண்டிருந்ததை அன்றுதான் கண்டோம். வியாழக்கிழமை வரை காத்திருப்பதற்கில்லை.

எங்கள் எதிர்வீட்டில் ஒருவர் இருக்கிறார். பஞ்சாலை ஒன்றில் முப்பது ஆண்டுகள் பிட்டராகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். செய்தி கேட்டதும் தம் பழைய ஸ்பானர்களோடு வந்துவிட்டார். நாங்கள் உடனே திருகத் தொடங்கியபோது கையமர்த்தித் தடுத்தார். "இருங்க தம்பி. கழட்டுறது பெருசில்ல. எங்க கோளாறுன்னு தெரிஞ்சுக்கிட்டுக் கழட்டணும். மொதல்ல தண்ணியோட வழியப் பாப்போம்" என்றார்.

அவர் அன்று எங்களுக்குக் கற்பித்த முறை எவருக்கும் பயன்படும். தொட்டியில் நீர் வீணாவது இரண்டே வழிகளில்தான். ஒன்று, மேலே வரும் நீர் நிற்காமல் வழிகுழாயில் இறங்குவது. மற்றொன்று, அடியில் உள்ள அடைப்பான் சரியாக மூடாமல் நீர் கசிவது. நிரம்பிய தொட்டியின் ஆங்கிள் காக்கை அடைத்துவிட்டுச் சிறிது நேரம் பார்க்க வேண்டும். மட்டம் வழிகுழாயின் விளிம்பில் வந்து நின்றுவிட்டால் அடியில் குற்றமில்லை. மேலே வரும் வழியில்தான் குற்றம். விளிம்புக்கும் கீழே இறங்கிக்கொண்டே போனால் அடி அடைப்பானைத்தான் மாற்ற வேண்டும். நாங்கள் அரைமணி நேரம் பொறுத்திருந்தோம். மட்டம் விளிம்பிலேயே அசையாமல் நின்றது. அடி அடைப்பான் குற்றமற்றது என்று தீர்ந்தது.

அடுத்து மிதவை. ஆங்கிள் காக்கைத் திறந்துவிட்டுக் கரத்தைக் கையால் மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னார். தூக்கியதும் நீர் நின்றால், பந்து போதிய உயரம் ஏறவில்லை என்று பொருள். கரத்தைச் சிறிது கீழ்நோக்கி வளைத்தோ, அதில் உள்ள திருகைத் திருப்பியோ மட்டத்தைத் தாழ்த்தினால் போதும். அல்லது பந்தில் விரிசல் கண்டு உள்ளே நீர் புகுந்திருக்கலாம். கழற்றிக் காதருகே ஆட்டினால் இளநீரைப்போல் ஒலிக்கும். எங்கள் பந்து ஒலிக்கவில்லை. கரத்தை எவ்வளவு தூக்கியும் சீற்றம் நிற்கவில்லை. "அப்ப வாஷர்தான்" என்று தீர்ப்புச் சொன்னார் பிட்டர்.

ஆங்கிள் காக்கை மீண்டும் அடைத்துத் தொட்டியைக் காலி செய்தோம். கரத்தைத் தாங்கும் பிளவு ஊசியை இடுக்கியால் நேராக்கி உருவினார். கரம் கையோடு வந்தது. குழலின் முனை மூடியைத் திருகி எடுத்ததும் தண்டு வழுக்கிக்கொண்டு வெளிவந்தது. அதன் நுனி வாஷரைச் சிறுவன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நடுவில் வட்டமாக ஒரு தழும்பு. அத்தழும்பின் ஓரத்தில் எள்ளைவிடச் சிறிய மணற்பரல் ஒன்று பதிந்திருந்தது. குழலின் உள்ளே சுற்றிலும் வெண்ணிறப் பொருக்கு.

"இவ்வளவு சின்ன மண்ணா தாத்தா அவ்வளவு தண்ணியை விட்டுச்சு?" என்றான் அவன்.

"மண்ணு விடலப்பா. மண்ணு மூட விடல. தண்ணி தானாப் போயிருச்சு" என்றார் அவர்.

பொருக்கை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துத் துணியால் துடைத்தோம். உப்புநீரின் சுண்ணாம்புப் படிவைக் கரைக்க அதுவே போதும். கழிவறை கழுவும் கடும் அமிலத்தை இங்கே ஊற்றலாகாது. அது ரப்பரையும் உலோகத்தையும் தின்றுவிடும். பிறகு திறந்திருக்கும் குழலின்மேல் ஒரு குவளையைக் கவிழ்த்துப் பிடித்து, ஆங்கிள் காக்கை ஒரு நொடி திறந்து மூடினோம். உள்ளே தங்கியிருந்த மணல் நீரோடு வெளியே வந்தது. மணலை வெளியேற்றாமல் புது வாஷர் போட்டால், அதுவும் ஒரு வாரத்தில் தழும்பேறிவிடும் என்றார் பிட்டர்.

புது வாஷருக்குக் கடை ஏது? அதற்கும் வழி வைத்திருந்தார். வாஷரைப் புரட்டிப் போட்டார். இத்தனை ஆண்டுகள் நீர்த்துளையைப் பாராத அதன் மறுபக்கம் வழவழப்பாகவே இருந்தது. எல்லா வகை வால்வுகளிலும் இது இயலாது. தட்டையான வாஷர் உள்ள பழைய வகையில் மட்டுமே இயலும். அதுவும் சில நாட்களுக்கே தாங்கும். தண்டைச் செருகி, மூடியைத் திருகி, கரத்தைப் பொருத்தி, ஊசியை இட்டு வளைத்து, நீரைத் திறந்தோம். வெளியே சாலையில் ஒலிபெருக்கி காளையொன்றின் வெற்றியை முழங்கிக்கொண்டிருந்தது. உள்ளே நாங்கள் நால்வரும் ஒரு பந்தை உற்று நோக்கிக்கொண்டிருந்தோம். அது ஏறிற்று. சீற்றம் தணிந்து, மெலிந்து, நின்றது. வழிகுழாயின் விளிம்புக்கு ஓர் அங்குலம் கீழே நீர் அசைவற்று நின்றது. தந்தையார் கதவருகே வந்து, பொத்தானைத் தாமே ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் சென்று நாற்காலியில் அமர்ந்தார். பிட்டருக்குப் பணம் தர முயன்றோம். "பொங்கல் ஒரு தட்டு குடுங்க, போதும்" என்று சொல்லிவிட்டார்.

சொன்னபடியே வியாழனன்று பிளம்பர் வந்து வால்வையே புதிதாக மாற்றினார். மேல்தொட்டியிலிருந்து இறங்கும் நீருக்கு விசை குறைவு. பத்து மீட்டர் உயரத்துக்கே ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு கிலோ அழுத்தம்தான். எங்கள் தொட்டியோ நான்கு மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆதலால் குறைந்த அழுத்தத்துக்கென அகன்ற துளையுடன் செய்த வால்வைத் தேர்ந்து கொண்டுவந்திருந்தார். இல்லையேல் தொட்டி நிரம்ப நெடுநேரமாகும். வேலையை முடித்துக் கை கழுவும்போது அவர் சொன்ன ஒரு சொல் எங்கள் நெஞ்சில் தங்கிவிட்டது. "ஒழுகுதுன்னு யாரும் எங்களைக் கூப்பிட மாட்டாங்க சார். அடைச்சுக்கிச்சுன்னாத்தான் கூப்பிடுவாங்க."

எண்ணிப் பார்க்குந்தோறும் இச்சொல் விரிகிறது. அடைப்பு நம்மைத் தடுக்கிறது, ஆகவே உடனே உணர்கிறோம். ஒழுக்கு நம்மைத் தடுப்பதில்லை. பொத்தானை அழுத்தினால் நீர் வருகிறது. நம் காரியம் நடக்கிறது. குறைவு நம் வீட்டில் நேர்வதில்லை, வேறெங்கோ நேர்கிறது. தெருமுனையில் நிற்கும் மூதாட்டியின் குடத்தில் நேர்கிறது. ஆழ்துளைக் கிணற்றின் அடியில், ஆண்டுதோறும் இறங்கும் நீர்மட்டத்தில் நேர்கிறது. குறையைக் கண்டறிய நமக்குப் புலன் இருக்கிறது. மிகையைக் கண்டறியப் புலன் இல்லை. செவி மங்கிய ஒரு முதியவருக்கு அந்த ஒலி கேட்டது. நன்கு கேட்கும் எட்டுப் பேருக்குக் கேட்கவில்லை. கூர்மையான செவியால் அவர் கேட்கவில்லை. கிணற்றில் இறைத்துச் சுமந்த ஒவ்வொரு குடத்தின் கனமும் அவர் தோளுக்குத் தெரியும். அந்தத் தோள்தான் கேட்டது.

இவ்வுணர்வு வாய்க்கப்பெற்ற மற்றொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1935இல் குஜராத்தில் பிறந்து மும்பையில் வாழ்ந்த ஆபித் சுர்தி என்னும் எழுத்தாளர், ஓவியர் அவர். நண்பர் வீட்டில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு அமைதி இழந்தார். நொடிக்கு ஒரு துளி வீதம் சொட்டும் குழாய் மாதத்துக்கு ஏறத்தாழ 1,000 லிட்டரை வீணாக்கும் என்று படித்தறிந்தார். ஒரு வாளி நீருக்காகத் தாயார் வரிசையில் நின்ற இளமைக்கால நினைவும் அவரை விடவில்லை. 2007இல், எழுத்துக்காகக் கிடைத்த பரிசுப் பணத்தை வைத்துக்கொண்டு, மும்பையை அடுத்த மீரா சாலைப் பகுதியில் ஞாயிறுதோறும் ஒரு பிளம்பருடன் வீடு வீடாகச் சென்றார். ஒழுகும் குழாய்களைக் கட்டணமின்றிப் பழுது பார்த்தார். முதலாண்டில் 1,666 வீடுகளுக்குச் சென்று 414 குழாய்களைச் சீராக்கியதாக அவர் பணி பற்றிய செய்திகள் கூறுகின்றன. மாற்றியவை பெரும்பாலும் சில ரூபாய் விலையுள்ள ரப்பர் வாஷர்களே. அணை கட்டவில்லை, ஆற்றை இணைக்கவில்லை. எழுபது வயதைத் தாண்டிய ஒரு மனிதர் கதவைத் தட்டி, "உங்கள் வீட்டில் ஏதேனும் ஒழுகுகிறதா?" என்று கேட்டார். அவ்வளவே.

நாமும் இதைச் செய்ய இயலும். பிளம்பர் இல்லாமலே தொடங்க இயலும். வீட்டில் துணிக்கு இடும் சொட்டு நீலம் இருக்குமே, அதில் சில துளிகளைக் கழிவறைத் தொட்டிக்குள் விட்டு, அரைமணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் இருந்து, பீங்கானைப் பாருங்கள். பீங்கானில் உள்ள நீர் நீலமாகியிருந்தால் தொட்டி ஒழுகுகிறது. மேலே சொன்ன முறையில் மேலா கீழா என்று கண்டுகொள்ளலாம். மேல்தொட்டியை ஆண்டுக்கு இருமுறை கழுவி அடியில் தங்கும் மணலை வெளியேற்றினால் வால்வின் ஆயுள் நீளும். ஆங்கிள் காக்கை மாதம் ஒருமுறை மூடித் திறந்து வைத்தால், அவசர நேரத்தில் அது உப்பேறி இறுகி நின்று நம்மைக் கைவிடாது. பழைய தொட்டிகள் ஒருமுறைக்கு 10 லிட்டருக்கும் மேல் கொட்டுவன. மாற்றும் வாய்ப்பு வரும்போது 3, 6 லிட்டர் என்று இரண்டு பொத்தான் உள்ளதைத் தேர்வது நலம். குந்தி அமர இயன்றோர்க்கு, 1970ஆம் ஆண்டு முதல் பிந்தேசுவர் பாடக் பரப்பிய சுலப் வகைக் கழிவறை ஒன்றரை முதல் இரண்டு லிட்டரே கேட்பது. அதில் கெட்டுப்போக வால்வும் இல்லை.

எங்கள் தெருவில் அவ்வாண்டு மாசி மாதத்துக்குள் பதினோரு வீடுகளில் சொட்டு நீலம் இட்டுப் பார்க்கப்பட்டது. மூன்று வீடுகளில் பீங்கான் நீலமாயிற்று. அந்த மூன்று வீட்டாரும் சொன்ன சொல் ஒன்றே: "எங்க வீட்டுல ஒழுகவே இல்லையே, நல்லாத்தானே இருந்துச்சு!" பிட்டர் தம் ஸ்பானர்களோடு மூன்று வீடுகளுக்கும் சென்றார். ஓரிடத்தில் கரத்தை வளைத்தார். மற்றிரு இடங்களில் வாஷரை மாற்றினார். வாஷருக்கு ஆன செலவை வீட்டார் கொடுத்தனர். கூலியை அவர் வாங்கவில்லை. அந்த மூன்று தொட்டிகளிலும் இப்போது நீர், நிரம்பியதும் நிற்கிறது.